எரிந்து அணையும் கேம்பர் வாட்டர் ஹீட்டர்: காஸிலும் இல்லை, மின்சாரத்திலும் இல்லை

கேள்வி: ஏரிக்கரைப் பயணி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் 21 அடி கேம்பர் ட்ரெய்லர் ஒன்று உண்டு. அதிலுள்ள வாட்டர் ஹீட்டரின் எஃகுத் தொட்டி 6 கேலன், அதாவது ஏறக்குறைய 23 லிட்டர் கொள்ளும். புரொப்பேன் காஸிலும் சூடாகும். முகாமில் கரண்ட் இருந்தால் மின்சாரத்திலும் சூடாகும். சென்ற அக்டோபரில் தொட்டியை வடித்து, குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க இளஞ்சிவப்புத் திரவத்தை ஓட்டி, டொராண்டோவுக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தோம். இந்த மே மாதம் விக்டோரியா தின விடுமுறைக்குச் சாண்ட்பேங்க்ஸ் பூங்காவுக்கு இழுத்துச் சென்றபோதுதான் கோளாறு தெரிந்தது.

உள்ளே சுவிட்சைப் போட்டதும் வெளியே ‘டிக் டிக் டிக்’ என்று பொறி தட்டும் சத்தம் கேட்கிறது. உடனே தீப்பற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் ஐந்தாறு வினாடிகளில் தீ அணைந்து, மறுபடியும் டிக் டிக் தொடங்குகிறது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு எல்லாம் நின்று, சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டால் மீண்டும் இதேதான். உள்ளே இருக்கும் காஸ் அடுப்பு மூன்று முகங்களிலும் நன்றாக எரிகிறது. சிலிண்டரும் புதிதாக நிரப்பியது.

சரி, காஸ் வேண்டாம் என்று மின்சாரத்தில் போட்டோம். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகும் குழாயில் வந்தது வெதுவெதுப்பான தண்ணீர்தான். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும் எங்களோடு வந்திருந்தார்கள். இரவில் 6 பாகைக்கு இறங்கிவிட்ட குளிரில் அவர்களுக்காக அடுப்பில் பாத்திரம் பாத்திரமாக வெந்நீர் காய்ச்சிச் சுமக்க வேண்டியிருந்தது.

ஒரு பழுதுபார்க்கும் கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது, வண்டியைப் பார்க்காமலேயே சர்க்யூட் போர்டு போயிருக்கும், அதை மாற்ற வேண்டும், மூன்று வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஜூன் தொடக்கத்தில் மறுபடியும் கிளம்புகிறோம். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, மின்சார வேலை ஓரளவு தெரியும். காஸைத் தொடுவதற்குத்தான் பயமாக இருக்கிறது. இது உண்மையிலேயே போர்டுதானா? காஸில் அணைவதற்கும் மின்சாரத்தில் சூடேறாததற்கும் ஒரே காரணமா? நானே பார்க்கக்கூடியது எது, பார்க்கக்கூடாதது எது?


மறுமொழி: பழைய ட்ரெய்லர்க்காரர்

தயவுசெய்து போர்டை வாங்கிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே அறிகுறியைப் பார்த்து நானும் புதிய போர்டு வாங்கிப் பொருத்தினேன். அதே டிக் டிக், அதே அணைவு, அதே சிவப்பு விளக்கு. பிறகு பார்த்தால், பர்னர் பொருத்தியிருக்கும் தகட்டிலிருந்து வரும் எர்த் கம்பியின் திருகில் துரு பிடித்து, கம்பி முனை பச்சைப் பூத்திருந்தது. திருகைக் கழற்றி, இரண்டு பரப்பையும் மணல்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்கினேன். பழைய போர்டைத் திரும்பப் போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். போர்டின் ஓரத்தில் கம்பிக்கொத்து செருகும் இடத்தில் வரிசையாகச் செப்புப் பட்டைகள் இருக்கும். வெளிக்கதவுக்குப் பின்னால் மழை ஈரத்திலேயே கிடப்பதால் அவை கறுத்துவிடும். பேட்டரி இணைப்பையும் கரண்ட் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் பென்சிலுக்குப் பயன்படுத்தும் சாதாரண அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் செம்பின் நிறம் திரும்பிவிடும். இரண்டு நிமிட வேலைதான்.


மறுமொழி: ஓய்வுபெற்ற காஸ் டெக்னீஷியன்

நண்பரே, நீங்கள் அறிகுறிகளை வரிசையாக எழுதியிருப்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதலில் இரண்டு புகார்களையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காஸ் பர்னருக்கும் மின்சார எலிமெண்டுக்கும் பொதுவாக இருப்பவை தொட்டியும் தண்ணீர்க் குழாய்களும் மட்டுமே. போர்டு கெட்டுப்போனால் காஸ் பக்கம் நிற்கும். அதற்காக மின்சாரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக வர வேண்டிய அவசியமில்லை. ஆகவே உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலம் முழுவதும் நின்ற வண்டியில் இது வழக்கமாக நடப்பதுதான்.

காஸ் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். டிக் டிக் என்று பொறி தட்டுகிறது என்றால் போர்டுக்கு 12 வோல்ட் வருகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் மிகைவெப்பத் துண்டிப்பானும் தடுக்கவில்லை என்று பொருள். தீப்பற்றுகிறது என்றால் காஸ் வால்வு திறக்கிறது, காஸ் பர்னர்வரை வந்து சேர்கிறது என்று பொருள். போர்டு செய்ய வேண்டிய வேலைகளில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: தீ உண்மையிலேயே எரிகிறதா என்று தெரிந்துகொள்வது. உங்கள் ஹீட்டரில் தவறுவது அந்த இடத்தில்தான்.

அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும். பொறி தட்டும் அதே எலெக்ட்ரோடில் போர்டு ஒரு சிறிய மாறுமின்னழுத்தத்தை வைக்கிறது. தீச்சுடருக்கு மின்சாரத்தைக் கடத்தும் தன்மை உண்டு. அதிலும் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் மிகக் குறைவாகவும் கடத்தும். இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்தான் இருக்கும். அது எலெக்ட்ரோடிலிருந்து சுடர் வழியாகப் பர்னருக்கு வந்து, எர்த் கம்பி வழியாகப் போர்டுக்குத் திரும்புகிறது. அது கிடைக்கவில்லை என்றால், தீ எரியவில்லை, காஸ் மட்டும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று போர்டு முடிவு செய்து வால்வை மூடிவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற அது செய்ய வேண்டியதும் அதுதான்.

எனவே பார்க்க வேண்டியவை மூன்று: எர்த், எலெக்ட்ரோடு, சுடர். மேலே நண்பர் சொன்ன துருப்பிடித்த திருகு இந்தப் பாதையின் கடைசிக் கண்ணி. மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்துக்கு ஒரு மெல்லிய துருப்படலமே சுவராகிவிடும்.

எலெக்ட்ரோடின் முனைக்கும் எதிர் முனைக்கும் இடைவெளி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முனை சுடருக்குள் நின்றாக வேண்டும். அதைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், பொறியும் மின்னோட்டமும் பக்கவாட்டில் கசிந்துவிடும். முனையில் கரியோ வெண்பூச்சோ இருந்தால் மணல்தாளால் லேசாகத் துடைத்தெடுங்கள்.

மூன்றாவதுதான் மே மாதத்தில் நான் அதிகம் பார்த்தது: சிலந்தி. பர்னர்க் குழாய் குறுகலானது, இருட்டானது, மழை படாதது. சிலந்திக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. அது குழாய்க்குள் வலை பின்னிவிட்டால் காஸோடு கலக்க வேண்டிய காற்று உள்ளே வருவது குறைந்துவிடும். அப்போது சுடர் நீலமாக, சீறிக்கொண்டு, நேராகப் போகாது. மஞ்சளாகி, தளர்ந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி எரியும். எலெக்ட்ரோடைத் தொடாத சுடர் போர்டைப் பொறுத்தவரை இல்லாத சுடர்தான். மஞ்சள் சுடரில் கரியும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாக உண்டாகும் என்பதால் அதை அப்படியே ஓடவிடுவது ஆபத்து.

செய்யும் முறை இதுதான். வெளிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, வேறொருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லிச் சுடரின் நிறத்தைப் பாருங்கள். அதே நேரத்தில் போர்டுக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பொறி தட்டும்போது அது 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ கம்பி இணைப்பையோதான் முதலில் கவனிக்க வேண்டும். பிறகு சுவிட்சை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, பர்னர் ஆறிய பிறகு, காற்று நுழையும் திறந்த வாய் வழியாக வளையக்கூடிய மெல்லிய தூரிகையை விட்டுச் சுழற்றி எடுங்கள். காஸ் வெளிவரும் பித்தளை ஜெட்டின் துளைக்குள் ஊசியையோ கம்பியையோ நுழைக்காதீர்கள். அந்தத் துளை இம்மியளவு பெரிதானாலும் காஸ் அளவு மாறிவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். துடைப்பது, பார்ப்பது, 12 வோல்ட் கம்பிகளை அளப்பது இவற்றை நீங்கள் செய்யலாம். காஸ் குழாய் இணைப்பைக் கழற்றுவது, வால்வை மாற்றுவது, காஸ் அழுத்தத்தைச் சரிசெய்வது ஆகியவற்றுக்கு ஒன்டாரியோவில் தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் சான்று பெற்றவர்தான் வர வேண்டும். இந்த ஹீட்டர்களுக்குத் தேவையான அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவு, அதாவது 11 அங்குல உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். அடுப்பு நன்றாக எரிவதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதை அளக்க அதற்கான கருவி வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் தீ அணைந்தால் அப்போது அவரைக் கூப்பிடுங்கள். மிகைவெப்பத் துண்டிப்பானை ஒரு கம்பியால் குறுக்கே இணைத்துச் ‘சோதித்துப் பார்க்கும்படி’ யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். தண்ணீர் 82 பாகை செல்சியஸை நெருங்கும்போது எல்லாவற்றையும் நிறுத்துவது அதுதான்.


மறுமொழி: குழாய் வேலை தெரிந்தவர்

ஐயா காஸ் பக்கத்தை முழுமையாக விளக்கிவிட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

தண்ணீர் ஐஸ்போல வராமல் வெதுவெதுப்பாக வருகிறது என்பதே ஒரு நல்ல தடயம். எலிமெண்ட் எரிந்துபோயிருந்தால் தண்ணீர் சில்லென்றுதான் வந்திருக்கும். குளிர்காலத்துக்காகத் தொட்டியைத் தவிர்த்துத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுகள் முழுவதும் திருப்பிய நிலையிலேயே இருந்திருந்தாலும் அப்படித்தான். அதைவிட மோசமாக, வெறும் தொட்டியில் எலிமெண்டைப் போட்ட சில நிமிடங்களில் அது கருகியிருக்கும். உங்களுக்குச் சூடு வருகிறது. அப்படியென்றால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, எலிமெண்ட் வேலை செய்கிறது, சூடான தண்ணீரோடு எங்கேயோ பச்சைத்தண்ணீர் கலக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வகை எலிமெண்ட் பெரும்பாலும் 1440 வாட். 23 லிட்டர் தண்ணீரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற அதற்கு ஏறக்குறைய 56 நிமிடங்கள் போதும். வெப்ப இழப்பையும் சேர்த்தால் கொஞ்சம் கூடலாம். இரண்டு மணி நேரம் காத்திருந்த உங்கள் தொட்டி கட்டாயம் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும்; அது குழாய்க்கு வந்து சேருவதற்குள்தான் கலப்பு நடந்திருக்கிறது.

எங்கே கலக்கும்? முதலில் வண்டிக்கு வெளிப்புறம், சின்னக் கதவுக்குள் இருக்கும் கை ஷவரைப் பாருங்கள். பலர் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் ஆகிய இரண்டு திருகுகளையும் திறந்தபடியே விட்டுவிட்டு, ஷவர் கைப்பிடியில் உள்ள பொத்தானை மட்டும் அழுத்தி மூடுவார்கள். வெளியே ஒரு துளியும் வராது. பார்த்தால் மூடியது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். நீங்கள் சமையலறையில் சுடுதண்ணீரைத் திறந்தவுடன் பச்சைத்தண்ணீர் அந்த வழியாகக் குறுக்கே பாய்ந்து சுடுதண்ணீர்க் குழாய்க்குள் வந்துவிடும். குளிர்காலத் திரவத்தை ஓட்டும்போது அந்த இரண்டு திருகுகளையும் திறந்திருப்பீர்கள் என்பதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

அடுத்ததாக ஹீட்டருக்குப் பின்னால் உள்ள பைபாஸ் வால்வுகள். மூன்று வால்வு அமைப்பாக இருந்தால், தொட்டிக்குள் போகும் வால்வும் வெளியே வரும் வால்வும் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் நடு வால்வு முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். கைப்பிடி குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. நடு வால்வு கால்வாசி திறந்திருந்தாலும் வெதுவெதுப்புதான் மிஞ்சும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. எலிமெண்டையும் காஸையும் அணைத்துவிட்டு, தொட்டிக்குள் பச்சைத்தண்ணீர் நுழையும் வால்வை மூடி, ஏதாவது ஒரு குழாயில் சுடுதண்ணீரை மட்டும் திறந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் கலப்பு இல்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கோ குறுக்கு வழி இருக்கிறது.

எலிமெண்டையும் அளந்துவிட வேண்டும் என்று நினைத்தால், கரண்ட் இணைப்பை வண்டியிலிருந்தே பிடுங்கிவிட்டு, எலிமெண்டின் கம்பியைக் கழற்றி அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே அளவிடுங்கள். 120 வோல்ட்டில் ஓடும் 1440 வாட் எலிமெண்ட் 10 ஓம் அளவில் காட்டும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது என்று பொருள்.


கேட்டவரின் பதில்: ஏரிக்கரைப் பயணி

உங்கள் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை முழுவதும் வண்டி நிற்குமிடத்தில் இருந்தேன். என்ன கண்டேன் என்பதை இதே சிக்கலில் வரப்போகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், பொறி தட்டும்போது போர்டில் 12.1 வோல்ட். ஆகவே மின்சாரத்தில் குறையில்லை. சுடரைப் பார்த்தேன்: மஞ்சள் நுனியோடு குழாயின் இடது ஓரத்தில் மட்டும் நெளிந்து எரிந்தது, எலெக்ட்ரோடு இருந்தது வலப்பக்கம். சிலிண்டரை மூடிவிட்டு, காற்று நுழையும் வாய்க்குள் தூரிகையை விட்டேன். இரண்டு அங்குலம் போனதும் ஏதோ மெத்தென்று தடுத்தது. சுழற்றி இழுத்தபோது சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பஞ்சை அழுத்தி உருட்டியது போன்ற ஒரு வெண்மையான கூடு வந்தது. அதற்குள் கடுகைவிடச் சிறிய முட்டைகள். குழாயின் மறுமுனையிலிருந்தும் கொஞ்சம் வலைத் துணுக்கு வந்தது.

மறுபடி பற்றவைத்ததும் சுடர் நீலமாகிச் சீறத் தொடங்கியது. ஆனாலும் நான்கு முயற்சிகளில் ஒரு முறை அணைந்தது. பிறகுதான் எர்த் திருகைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ட்ரெய்லர்க்காரர் சொன்ன அதே துரு, அதே பச்சை. தேய்த்து இறுக்கி, போர்டின் பட்டைகளையும் அழிப்பானால் துடைத்த பிறகு, அணைத்து அணைத்துப் பத்து முறை போட்டுப் பார்த்தேன்; பத்து முறையும் முதல் முயற்சியிலேயே பற்றி, நின்று எரிந்தது. அரை மணி நேரம் கடந்த சிறிது நேரத்தில் தெர்மோஸ்டாட் தானாகவே பர்னரை நிறுத்தியது. போர்டுக்கு நான் ஒரு டாலரும் செலவழிக்கவில்லை.

வெளி ஷவரைப் பற்றிச் சொன்னது அப்படியே உண்மை. இரண்டு திருகுகளும் முழுவதும் திறந்திருந்தன, கைப்பிடிப் பொத்தான் மட்டும் மூடியிருந்தது. திருகுகளை மூடிய பிறகு, பின்னால் சுடுதண்ணீர் வெளிவரும் குழாயைக் கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடு. பைபாஸ் வால்வுகளில் குறையில்லை.

இரண்டு சிறிய சந்தேகங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தொட்டி சூடேறும்போது வெளிப்புறமுள்ள பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது, அது பழுதா? வடிகால் மூடியோடு வரும் கம்பி, சென்ற அக்டோபரில் பார்த்தபோது சில இடங்களில் பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை மாற்ற வேண்டுமா?


மறுமொழி: ஓய்வுபெற்ற காஸ் டெக்னீஷியன்

மிகவும் மகிழ்ச்சி. சிலந்திக் கூடு, துருப்பிடித்த எர்த் என்று இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்ததோடு நிறுத்தாமல் பத்து முறை போட்டுப் பார்த்தீர்களே, அதுதான் சரியான பழக்கம். ஒவ்வொரு மே மாதமும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தூரிகையை விட்டுவிடுங்கள். வெளிக்கதவின் காற்றுத் துளைகளுக்குச் சிலந்தி வராத வலைத்தகடு போடலாமா என்று தோன்றும். உங்கள் ஹீட்டரின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழியப் போடாதீர்கள். எரிவதற்கு வேண்டிய காற்றையும் புகை வெளியேறும் வழியையும் அது அடைத்துவிடும்.

அந்தக் கம்பியை மாற்றுங்கள். அது ஆனோடு, உங்களுடையது எஃகுத் தொட்டி என்பதால், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. முக்கால் பங்கு கரைந்ததும் புதியதைப் போட வேண்டும். படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று: அலுமினியத் தொட்டியுடைய ஹீட்டர்களில் இந்தக் கம்பி இருக்காது, போடவும் கூடாது, அவற்றுக்குச் சாதாரண மூடிதான். மூடியைக் கழற்றும் முன் இரண்டு வழியிலும் சூடேற்றத்தை நிறுத்தி, தண்ணீரை ஆறவிட்டு, உள்ளழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சொட்டுவது பெரும்பாலும் பழுது அன்று. 23 லிட்டர் தண்ணீர் 10 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் விரிவடைகிறது. அது போய்த் தங்குவதற்காகத் தொட்டியின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். நாளடைவில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும். இடமில்லாத தண்ணீர் அழுத்தத்தை ஏற்ற, 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு) அழுத்தத்தில் திறக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும். காற்றைத் திரும்பக் கொண்டுவர, ஹீட்டரை அணைத்து, தண்ணீரை நன்றாக ஆறவிடுங்கள். பம்பையும் வெளி நீர் இணைப்பையும் நிறுத்தி, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு பாதுகாப்பு வால்வின் கைப்பிடியை நேராக இழுத்துப் பிடித்து, தண்ணீர் வடிந்து தானாக நிற்கும்வரை காத்திருந்து, கைப்பிடியை விட்டுவிடுங்கள். அது ‘டப்’ என்று தானே மூடிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு குழாயை மூடித் தண்ணீரைத் திறந்துவிடலாம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகும் சொட்டினால் வால்வையே மாற்றிவிடுங்கள், அதுவரை அதன் வாயை எதைக்கொண்டும் அடைக்காதீர்கள்.